அரப்பும் நீச்சல் தொப்பியும்

மகளை நீச்சல் வகுப்பில் சேர்த்தது சித்திரைக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை. அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. நாள், கிழமை, வெயில், மழை என்று குறித்து வைப்பது பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எனக்குப் பழக்கம் என்பதால் இதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கணவர் மட்டும் இன்றைக்கும் அது வியாழக்கிழமை என்பார். அவருக்கு வாரத்தில் நிச்சயமாகத் தெரிந்த கிழமை ஒன்றே ஒன்றுதான். அது வெள்ளி. அந்த வெள்ளியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கணபதி என்ற பகுதியில் எங்கள் வீடு. அடுத்த வீதியில் அவருடைய லேத்துப் பட்டறை. வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் சிறிது தூரம் போனால் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. கோடை விடுமுறையில் காலை ஆறரை மணிக்குச் சின்னக் குழந்தைகளுக்கு வகுப்பு. மகளுக்கு அப்போது ஏழு வயது. வாய்க்காலும் கிணறுமாக இருக்கிற கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் என் கணவருடைய ஊர். ஒவ்வொரு விடுமுறைக்கும் அங்கே போகிறோம். தண்ணீரைப் பார்த்ததும் ஓடுகிற பிள்ளைக்கு நீந்தத் தெரியவில்லை என்றால் என்னால் அங்கே ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிட முடியாது. அதனால்தான் சேர்த்தேன்.

சேர்த்த அன்றைக்கே குளத்துச் சுவரில் எழுதியிருந்த விதிகளை நின்று படித்தோம். மகள் எழுத்துக் கூட்டிப் படித்து முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"குளத்துல எறங்கறதுக்கு முன்னாடி குளிக்கோணுமாமா. குளிக்கறதுக்கு எதுக்குங்கம்மா குளிக்கோணும்?"

நல்ல கேள்வி. பழைய நகரங்களின் பொதுக் குளியல் இடங்களைப் பற்றி நான் படித்திருக்கிறேன். பலர் சேர்ந்து இறங்குகிற தண்ணீருக்கு முன்னால் உடம்பைக் கழுவிக்கொள்கிற வழக்கம் உலகத்தில் பல இடங்களில் இருந்திருக்கிறது. அதையெல்லாம் ஏழு வயதுக்குச் சொல்ல முடியாது. நான் சொன்னது இவ்வளவுதான். தண்ணீரில் இருக்கிற கிருமியைக் கொல்லக் குளோரின் போடுகிறார்கள். நம் வேர்வை, பவுடர், அழுக்கு எல்லாம் தண்ணீரில் இறங்கினால் அந்த மருந்து அவற்றோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. சில குளங்களில் மூக்கை அரிக்கிற மாதிரி ஒரு வாடை வருமே, அது சுத்தத்தின் வாடை அல்ல. மருந்தும் வேர்வையும் மூத்திரமும் கலந்த வாடை.

கடைசிச் சொல்லில் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"தண்ணிக்குள்ளயே போவாங்களா?"

"சோம்பேறித்தனப்பட்டுப் போவாங்க. அந்தத் தண்ணிதான் மத்தவங்க வாய்க்குள்ள போகும்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் குளத்துக்கு ஒரு காவல்காரி ஆகிவிட்டாள். வீட்டில் ஒரு தடவை, அங்கே போனதும் ஒரு தடவை கழிப்பறைக்குப் போவாள். வெளியே வந்து வகுப்பில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையிடமும், "நீ ஒண்ணுக்குப் போயிட்டு வந்தியா?" என்று கேட்பாள். பெற்றோர் உட்காருகிற இடத்துக்கும் குளத்துக்கும் நடுவில் கம்பி வலை. வலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பிள்ளைகளுக்கு இருக்காது. பற்களுக்கு நடுவே சந்து விழுந்த ஒரு எட்டு வயதுப் பையன், "இவ என்ன, இன்ஸ்பெக்டரா?" என்று ஒருநாள் சத்தமாகவே கேட்டான்.

மற்ற ஏற்பாடுகளை நான் பார்த்துக்கொண்டேன். நகம் வெட்டினேன். காலில் கொசு கடித்துச் சொறிந்த புண் ஆறும்வரை இரண்டு நாள் அனுப்பவில்லை. வயிற்றுப்போக்கு வந்த பிள்ளை சரியான பிறகும் சில நாள் குளத்தில் இறங்கக் கூடாது என்பதை, சேர்க்கும்போது பயிற்சியாளர் சொன்னதை அப்படியே, பக்கத்து வீட்டம்மாவுக்கும் சொன்னேன். குளத்தோரம் போட்டுக்கொள்ளத் தனிச் செருப்பு. துண்டு யாரிடமும் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. தண்ணீர் வாய்க்குள் போனால் விழுங்காமல் ஓரத்தில் இருக்கிற சாக்கடையில் துப்ப வேண்டும். மூச்சை வாயால் இழுத்துத் தண்ணீருக்குள் மூக்கால் விடுகிற பயிற்சியை வாளியிலேயே ஆரம்பித்தோம். முகத்தை வாளிக்குள் வைத்துக் குமிழி விடுவாள். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

"வாளிக்குள்ள நீச்சல் கத்துக் குடுக்கறவளை நான் இப்பத்தான் பாக்கறேன்" என்பார் கணவர். "நானெல்லாம் வாய்க்கால்ல எங்கண்ணன் தள்ளிவிட்டுக் கத்துக்கிட்டேன்."

"அதனாலதான் உங்களுக்கு இன்னும் நேரா நீந்த வரல. எருமையாட்ட தலையைத் தூக்கிட்டுப் போறீங்க."

"எருமை முழுகி எங்காச்சும் பாத்திருக்கியா?"

குமிழி விட்ட தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். அந்த வருஷம் எங்கள் வீதிக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் முறையாக வரவில்லை. மேல் தொட்டியைத் தட்டிப் பார்த்துத்தான் துணி துவைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வோம்.

ஏற்பாடுகளில் ஒன்று மட்டும் என் கைக்கு அடங்கவில்லை. நீச்சல் தொப்பி. மகளுக்கு இடுப்புவரை முடி. அதைச் சுருட்டி அந்த ரப்பர் தொப்பிக்குள் அடக்குவதற்குள் அவள் அழுவாள், எனக்கு வியர்க்கும். கணவர் அதை வாங்கி ஒருநாள் உருட்டிப் பார்த்தார். பட்டறையில் மோட்டாருக்கு ரப்பர் வளையம் மாட்டுகிறவர். முடியை உச்சியில் வட்டமாகச் சுற்றி, தொப்பியின் விளிம்பை இரண்டு கையாலும் விரித்து, ஒரே இழுப்பில் காதுவரை இறக்கிவிட்டார். அவளுக்கு வலிக்கவே இல்லை. அன்றிலிருந்து தொப்பி அவர் வேலை. ஆனால் குளத்தில் பெண் பிள்ளைகள் உடை மாற்றும் அறைக்குள் அவர் போக முடியாது. அதனால் வீட்டிலேயே மாட்டிவிடுவார். ஸ்கூட்டரில் அவருக்கு முன்னால் நீலத் தொப்பியோடு நிற்கிற மகளைப் பார்த்து வீதியே சிரிக்கும். குளத்தில் ஷவருக்கு அடியில் அவள் தொப்பியோடுதான் நிற்பாள். உடம்பு நனையும், தலை நனையாது. காலை நேரத்தில் தலை நனையாமல் இருந்தால் சளி பிடிக்காது என்று நானும் அதை நல்லதாகவே நினைத்திருந்தேன்.

வைகாசி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு வகுப்பில் கரையிலிருந்து குதிக்கச் சொல்லித் தரப் போகிறார்கள் என்று மகள் முதல்நாள் இரவே அறிவித்திருந்தாள். அதுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு கால் அடித்ததுதான். அவள் விடியும் முன்பே எழுந்துவிட்டாள்.

அவளுக்கும் முன்னால் கணவர் எழுந்து எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மகளுக்கு எண்ணெய்க் குளியல். அவர் வீட்டில் பெண் பிள்ளைகளுக்கு வெள்ளி, ஆண்களுக்குச் சனி என்று இருக்கிற வழக்கத்தை அவர் பட்டறை விடுமுறையைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பார். அக்னி நட்சத்திரத்தில் விடவே மாட்டார், உடம்புச் சூடு. இதில் புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருந்தது. எண்ணெய் பூசிய முடியில் குளோரின் தண்ணீர் ஏறாதாம். ஊரில் தோட்டத்து வேலியில் நிற்கிற அரப்பு மரத்தின் இலையைக் காய வைத்து, அரைத்து, சலித்து, அவருடைய அண்ணன் ஒரு டப்பா கொடுத்து அனுப்புவார். எண்ணெயை எடுக்க அந்தப் பச்சைப் பொடிதான், வடிகஞ்சியில் குழைத்துத் தேய்க்க வேண்டும். நான் அடுப்படியில் இருந்தேன். குளியலறையில் அவள் "கண்ணு எரியுதுங்கப்பா" என்பதும் அவர் "ஆச்சு சாமி, ஆச்சு" என்பதும் கேட்டது. பிறகு அவள் தொப்பியோடு வந்தாள். முகம் எண்ணெய்க் குளியல் முடித்த முகமாகப் பளபளவென்று இருந்தது. கிளம்பினோம்.

அவர் எங்களை இறக்கிவிட்டு எதிரே இருக்கிற டீக்கடைக்குப் போய்விட்டார். மகள் கழிப்பறைக்குப் போனாள், ஷவரில் நின்றாள், எல்லோரையும் விசாரித்தாள். நான் வலைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

பயிற்சியாளர் முப்பது வயதுப் பெண். பிள்ளைகள் 'மிஸ்' என்று கூப்பிடுவார்கள். கோட்டைமேட்டுக்காரர். வியாபாரக் குடும்பம். கல்லூரி நாட்களில் மாநில அளவில் நீந்தியவர். குரல் கத்திக் கத்திக் கரகரத்துப் போயிருக்கும். அவர் மார்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சந்துப் பல் பையன் குதித்தான். இன்னும் இரண்டு பேர் குதித்தார்கள். அடுத்தது மகள். கரையில் நின்று ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். குதித்தாள்.

முழுசாக உள்ளே போய் வெளியே வந்தாள். தொப்பி தலையில் இல்லை, பக்கத்தில் மிதந்தது. எண்ணெய் வழுக்கலில் கழன்றிருக்கிறது. முடி விரிந்து தண்ணீரில் பரவியது. அதிலிருந்து மஞ்சளும் பச்சையுமாக ஒரு கலங்கல் மெல்லக் கிளம்பி அவளைச் சுற்றி விரிந்தது.

தண்ணீருக்குள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்த சந்துப் பல் பையன்தான் முதலில் தலையைத் தூக்கினான்.

"மிஸ், இவ ஒண்ணுக்குப் போயிட்டா மிஸ்."

பிள்ளைகள் எல்லாம் விழுந்தடித்துக் கரையேறினார்கள். "ஐயே" என்றது ஒரு குரல். "ஊரையே கேப்பா, இவளே போயிட்டா" என்றது இன்னொன்று. மிஸ் விசில் ஊதி எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். மகள் கடைசியாக ஏறினாள். அவள் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. அவள் அழவில்லை. மிதந்த தொப்பியை மட்டும் எட்டி எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் போய்விட்டாள்.

நான் உள்ளே போனபோது பெஞ்சில் முடியெல்லாம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள்.

"நான் போகலீங்கம்மா."

"தெரியும் கண்ணு."

"ரெண்டு தடவை பாத்ரூம் போயிட்டுத்தானுங்க எறங்கினேன்."

"தெரியும் சாமி."

"நான் இனி வரல. ஊட்டுக்குப் போலாம்."

கையிலிருந்த தொப்பியை வாங்கித் திருப்பினேன். உட்பக்கம் பச்சைக் களிம்பு அப்பியிருந்தது. மோந்து பார்க்கத் தேவையே இல்லை, ஆனாலும் மோந்தேன். கணவருக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, காத்தால அரப்பை நல்லா அலசுனீங்களா?"

"அலசுனேனே."

"எத்தனை தண்ணி ஊத்துனீங்க?"

டீக்கடையில் டம்ளர் கழுவுகிற சத்தம் போனில் கேட்டது.

"தொட்டியில தண்ணி எங்க இருந்துச்சு? ஒரு வாளி ஊத்திப்போட்டு உட்டுட்டேன். எப்படியும் அங்க போய் அத்தனை தண்ணிக்குள்ளதான இருக்கப் போறா, மீதி அதுலயே போயிரும்னு நெனச்சேன். ஏன், என்னாச்சு?"

வாய்க்காலில் குளித்து வளர்ந்தவருக்கு அப்படித்தான் தோன்றும். வாய்க்காலில் விட்டது வயலுக்குப் போய்விடும். குளத்தில் விட்டது குளத்திலேயே இருக்கும், பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் வாய்க்குள் போகும். இதை அவரிடம் போனில் விளக்க நேரமில்லை. "அங்கயே இருங்க" என்று வைத்துவிட்டேன்.

எனக்கு இருந்த கவலை வேறு. இப்போது வீட்டுக்குக் கூட்டிப்போனால் நாளைக்கு இவள் வர மாட்டாள். நாளைக்கு வராவிட்டால் அப்புறம் எப்போதும் வர மாட்டாள். தண்ணீர் பயம் என்றால் மெல்ல மெல்லப் போக்கலாம். இது வேறு. செய்யாத ஒன்றுக்காகப் பத்துப் பிள்ளைகள் விலகி நின்றதை இவள் மறக்கப் போவதில்லை. அதே சமயம், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நிறுத்தவும் எனக்கு மனசில்லை.

மிஸ் உள்ளே வந்தார். தொப்பியை நீட்டினேன். விரலால் வழித்துப் பார்த்தார்.

"அரப்புங்களா?"

"ஆமாங்க. அவங்கப்பா தேச்சுவிட்டாரு. இன்னைக்கு வெள்ளிக்கெழமை."

"எண்ணெயும் இருக்குங்களே."

"இருக்குதுங்க."

அவர் சிரிக்கவில்லை. மகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "நீ போகலைன்னு எனக்குத் தெரியும் கண்ணு. அது இந்த நெறத்துல வராது. வா, எல்லார்கிட்டயும் சொல்லிரலாம்."

மகள் தலையை ஆட்டினாள். "நம்ப மாட்டாங்க மிஸ்."

மிஸ் கொஞ்சம் யோசித்தார். வற்புறுத்தவில்லை. எழுந்து வெளியே போனார். நாங்கள் கதவோரத்துக்கு வந்து நின்றோம்.

"எல்லாரும் கேளுங்க. யாரும் ஒண்ணுக்குப் போகல. அது தலைக்குத் தேக்கற அரப்பு."

"அப்படித்தான் சொல்லுவாங்க மிஸ்" என்றான் சந்துப் பல்.

"அப்படியா சாமி? நீ வா. தொப்பியைக் கழட்டு."

"எதுக்கு மிஸ்?"

"கழட்டு."

கழற்றினான். அவன் தலை கண்ணாடி மாதிரி மின்னியது. மிஸ் அவன் உச்சியில் கை வைத்து எடுத்து, உள்ளங்கையை எல்லோருக்கும் காட்டினார். வலைக்குப் பின்னாலிருந்து அவன் அம்மா எழுந்தார்.

"அது ஒண்ணுமில்லீங்க, தேங்காயெண்ணெய்ங்க. குளோரின்ல முடி கெட்டுப்போயிரும்னு கொஞ்சமா வெச்சேன்."

"கொஞ்சமாங்களா? இதுல ஒரு ஆப்பம் சுடலாமுங்க."

வலைக்குப் பின்னாலிருந்த பெற்றோர்தான் முதலில் சிரித்தார்கள். மிஸ் எல்லோருடைய தொப்பியையும் கழற்றச் சொன்னார். எங்கள் வீட்டுக் கதைதான் எல்லா வீட்டிலும். ஒரு பெண்ணின் கழுத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருந்தது. ஒருத்தியின் கொண்டைக்குள் நேற்றுச் சாயங்காலத்து மல்லிகைச் சரம் அப்படியே இருந்தது. ஒரு பையன் நெற்றியில் தொப்பி மறைத்திருந்த சந்தனம். இன்னொருவனுக்குக் கொசு கடிக்காமல் இருக்க அவன் அப்பா கை கால் முழுக்க எதையோ பூசி அனுப்பியிருந்தார். எல்லோருமே தொப்பிக்குள் இருக்கிற தலையை நனைக்காமல்தான் ஷவரில் நின்றிருக்கிறார்கள். சளி பயம் எனக்கு மட்டும் இல்லை.

"இனிமே தொப்பி இங்க வந்துதான் போடோணும். முதல்ல தலையோட குளியல், சோப்புப் போட்டு. அப்புறம் தொப்பி. அப்புறம் தண்ணி. எல்லாரும் ஷவருக்கு நடங்க."

ஷவர் வரிசையில் தண்ணீர் நுரைத்து ஓடியது. எண்ணெய் வளையங்கள், வெள்ளைப் பவுடர், ஒற்றை மல்லிகைப் பூ என்று எல்லாம் சாக்கடை வாய்க்குப் போயின. நான் மகளைப் பார்த்தேன். அவள் ஓடுகிற தண்ணீரைப் பார்க்கவில்லை; எதிரே சந்துப் பல் பையன் குளிக்கிற லட்சணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலையில் இரண்டு கை தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வெளியே வரப் பார்த்தான். இவளால் அதைப் பொறுக்க முடியவில்லை. என் கையை விட்டுவிட்டு நேராகப் போனாள்.

"சோப்புப் போட்டியா?"

"போட்டேன்."

"காதுக்குப் பின்னால?"

அவன் காதைத் தடவிப் பார்த்தான்.

"போடு."

அவன் மிஸ்ஸைப் பார்த்தான். மிஸ் வேறு எங்கோ பார்த்தார். அவன் திரும்பிப் போய்க் காதுக்குப் பின்னால் தேய்த்தான். அவன் தேய்த்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, மகள் பக்கத்து ஷவருக்கு அடியில் தானே போய் நின்றாள். அவள் முடியிலிருந்து பச்சை வழிந்தது. "உன்னுது இன்னும் போகுது பாரு" என்றான் அவன், பதிலுக்குப் பதில் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. "தெரியுது. அலசிட்டுத்தான இருக்கேன்" என்றாள் இவள்.

அதற்குள் குளத்தில் வலைக்கரண்டியால் மிதந்ததை எல்லாம் அள்ளியிருந்தார்கள். வடிகட்டுகிற மோட்டாரை ஓடவிட்டு, பிள்ளைகளைக் கரையில் உட்காரவைத்துக் கால் அடிக்கச் சொன்னார் மிஸ். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் பார்த்துத் தலையசைத்தார். "யாரு மொதல்ல?" என்றார்.

மகளின் தொப்பியை மறுபடி மாட்டியது மிஸ்தான். அவருக்கும் ஒரே இழுப்பில் வந்தது. அவள் கரையில் நின்றாள். இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. குதித்தாள். தண்ணீர் தெறித்தது, கலங்கவில்லை. சுவரைத் தேடாமல் இரண்டு மூன்று கை அடித்து மிஸ்ஸின் தோளைப் பிடித்தாள்.

டீக்கடையில் கணவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தேச்சது தப்பாப் போச்சுங்களா?" என்று மகளையே கேட்டார். அவள் ஸ்கூட்டரில் முன்னால் ஏறி நின்றுகொண்டு, "தேச்சது தப்பில்லீங்கப்பா. அலசாததுதான்" என்றாள். வகுப்பு முடிந்து கிளம்பும்போது மிஸ் என்னிடம் தனியாக, அந்தப் பொடி கொஞ்சம் கிடைக்குமா, எத்தனையோ வருஷக் குளோரினில் தன் முடி நாராகிவிட்டது என்று கேட்டதைக் கணவரிடம் சொன்னேன். வீடு வரும்வரை அதையே நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வெள்ளி எண்ணெய்க் குளியல் சாயங்காலத்துக்கு மாறியது. வகுப்பெல்லாம் முடிந்து, வெயில் தாழ்ந்து, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதென்று தட்டிப் பார்த்த பிறகு. நான் வாசற்படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. மகள் முக்காலியில் உட்கார்ந்து, குனிந்த தலையைத் தூக்காமலே, காலடியில் ஓடுகிற தண்ணீரைக் கண்காணித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பச்சையா வருதுங்கப்பா."

"அது தரையோட நெறம் கண்ணு."

"இல்லீங்கப்பா. ஊத்துங்க."

அவர் ஊற்றினார்.